மஞ்சளாகவே நிற்கும் குப்பி

...மஞ்சள், இன்னும் மஞ்சளேதான், இருபது சொட்டு விட்டாயிற்று, அசைவேனா என்கிறது சனியன். இந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு உப்பை எடை பார்த்துக் கலந்தது அவனேதான், குடிக்கத்தக்க அளவுக்கு நான்கு மடங்கு, ஃபுளோரைடு பட்டால் குப்பியில் இருக்கிற சாயம் சிவக்க வேண்டாமா? புற ஊதா விளக்கின் கீழும் ஒளிரக் காணோம். தண்ணீர் கலக்காத கரைப்பானில் மட்டும் ஒரே சொட்டில் செக்கச்செவேலென்று ஆகிவிடும், அதைக் காட்டித்தானே முனைவர் பட்டம் வாங்கினான். நாலு வருஷத்துக்கு முன்னால் அக்கா வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது இதே சாயத்தைச் சமையலறை மேடையில் வைத்து வித்தை காட்டினானே, மஞ்சள் மாறவில்லை, "கண்ணை மூடிக்கிட்டு குடிங்க" என்றானே, மாமா வாங்கிவந்த சுத்திகரிப்பு இயந்திரத்தை அக்கா பிரிக்காமலே கடைக்குத் திருப்பி அனுப்பினாளே... ஃபுளோரைடு கலந்த தண்ணீரில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இன்று செய்ததை அன்று செய்து பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? காலையில் அக்கா போனில் பேசினாள், அவள் மகள் குட்டிக்குப் புதிதாக முளைத்த பல்லெல்லாம் பழுப்புக் கோடாம், ஒன்பது வயதுப் பிள்ளை, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாளாம். "பல் டாக்டர் தண்ணியைத்தான் சந்தேகப்படறாரு. என் தம்பி இதுலதான் பட்டமே வாங்கியிருக்கான், அவன் பார்த்துச் சொன்ன தண்ணின்னு அடிச்சுச் சொல்லிட்டேன்." திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெருமையல்லவா பட்டுக்கொண்டாள்.

அன்று தெரியாது, சத்தியமாகத் தெரியாது, தண்ணீர் ஃபுளோரைடை இறுகப் பிடித்துக்கொள்ளும், சாயத்தின் பக்கம் விடாது என்று பேராசிரியர் சொன்னது பிறகுதான்... எப்போது பிறகு? மூன்று மாதம் கழித்து, ஆய்வேட்டைத் திருத்தும்போது, "தண்ணீரில் செயல்படாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார், சேர்த்தான். சேர்க்கும்போது அக்காவின் கிணறு நினைவுக்கு வந்ததா? வரவில்லை. வந்தது. வந்ததே, கை விசைப்பலகையில் நின்றதே, இப்போது போய்ச் சொன்னால் மாமா என்ன நினைப்பார், ஊருக்குப் போகும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம்... எத்தனை தடவை போனான், அந்தத் தண்ணீரை அவனும் குடித்தான், அவன் பல் எப்போதோ முளைத்து முடிந்த பல், அதில் இனிக் கறை ஏறாது.

அக்காவைப் போனில் கூப்பிட்டான். அந்தத் தண்ணீரை இனிமேல் யாரும் தொடவேண்டாம், தன் சோதனையே தப்பு, அது தண்ணீரில் வேலை செய்யாத சாயம் என்று ஒரே மூச்சில் கொட்டினான். அழுகையை விழுங்கிக்கொண்டு, அக்கா அவனைத்தான் தேற்றினாள்.

"சரி விடு. அன்னைக்கு உனக்கு அது தெரியாதுல்ல?"

"தெரியாதுக்கா" என்றான். அன்றைக்கு என்றுதானே கேட்டாள், பொய்யில்லையே... இல்லையா?