ஐந்தாம் மணி

...இல்லை, இது வாசலே இல்லை, வேலைக்காரர்களுக்கான வாசல் பின்பக்கம் அல்லவா, ஏழு வயதில் ஒருநாளாவது இந்த முன்படியை மிதித்திருப்பாளா, இப்போது என்னடாவென்றால் கையில் வரைபடம் கொடுத்து வாங்க வாங்க என்கிறார்கள். மாளிகை கலைக்கூடமாகிவிட்டதாம், இந்த இரண்டு நாள் எல்லா அறைகளும் எல்லோருக்கும் திறந்திருக்குமாம், மருமகள்தான் படித்துப் படித்துச் சொல்லி இழுத்து வந்தாள். உங்கம்மா சமைச்ச வீடாச்சே அத்தை, பார்க்க ஆசையா இல்லையா... ஆசைதான். பயமும்தான். அம்மா இங்கே சமைத்தது மருமகளுக்குத் தெரியும், மணி விஷயம் தெரியாது. அறுபது வருஷமாக யாருக்குமே தெரியாது. சாப்பாட்டு அறையில் மேசையைக் காணோம், கூரையிலிருந்து நூறு கரண்டிகள் தொங்குகின்றன, இதற்குப் பேர் கலையாம், அம்மா பார்த்திருந்தால் முதலில் இறக்கித் தேய்த்துக் கழுவியிருப்பாள். அந்தச் சிரிப்போடே கால்கள் தாமாக இடப்பக்கம் திரும்பிவிட்டன, மூன்று படி இறக்கம், அதே குளிர்ந்த கல், அதே சமையற்கட்டு நடை... ஐயோ, மணிகள் அங்கேயே இருக்கின்றன.

வரிசையாக ஏழு மணிகள், சுருள்கம்பியில் தொங்குபவை, அறைக்கு ஒன்று. மேலே கயிற்றை இழுத்தால் இங்கே ஆடும், அம்மா ஓட வேண்டும். ஐந்தாவது எஜமானியம்மாளின் படுக்கையறை. அதற்குக் கண் உண்டு என்றே அந்த ஏழு வயதில் அவள் நம்பியிருந்தாள், இல்லாவிட்டால் அம்மா தட்டில் கைவைக்கும் நேரம் பார்த்து எப்படி அடிக்கும்? வீங்கின காலோடு நாற்பது படி ஏறி இறங்குவதற்குள் சாப்பாடு ஆறிப்போகும். அதனால்தான் ஒருநாள் முக்காலி போட்டு ஏறி, தன் காலுறை ஒன்றைக் கழற்றி அந்த மணியின் வாயில் திணித்தாள்... மூன்று நாள் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள், நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். நாலாம் நாள் எஜமானியம்மாளே இறங்கி வந்து, செவிட்டுக்கு இங்க வேலையில்லை என்றாள். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைக் கட்டினாள். அதற்கப்புறம் சலவைக்கூடம், வெந்நீர், வெந்துபோன விரல்கள், எல்லாம் தன்னால்தானே? எத்தனை தடவை வாய்வரை வந்தது, அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில்கூட... சொல்லவில்லை. பாவி, சொல்லவேயில்லை.

கழுத்தில் அட்டை மாட்டிய வழிகாட்டிப் பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். பார்வையாளர்கள் மாடியில் எந்தக் கயிற்றையும் இழுக்கலாம், இதுவே இங்கே கலைப்படைப்பு, ஐந்தாவதை மட்டும் கலைஞர் கிடைத்தபடியே விட்டுவைத்தார், அந்த மௌனத்தை நாம கேட்கணும் என்றாள். கூட்டம் மரியாதையாகக் கேட்டது. மௌனமாவது மண்ணாங்கட்டியாவது, அது என் இடதுகால் உறை! கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள். ஆமாம், சாம்பல் நிறம், கட்டைவிரல் பக்கம் ஓட்டை... ஆனால் இது என்ன? அவள் சும்மா திணித்துவிட்டல்லவா குதித்தாள்? இங்கே மணியின் நாக்கைச் சுற்றி உறை நேர்த்தியாகப் போர்த்தியிருக்கிறது, வெள்ளை நூல், மூன்று சுற்று, அடியில் ஒரு கண்ணி, நுனி பல்லால் கடித்தது. ஜாம் ஜாடிகளின் வாயில் துணிகட்ட அம்மா போடும் முடிச்சு. ஏழு வயதில் அவளுக்குச் செருப்பு வாரே கட்டத் தெரியாதே.

பெரியம்மா, தொடக்கூடாது, என்றாள் அந்தப் பெண். தொடலைம்மா, சும்மா பார்க்கிறேன்... அம்மா, உறை விழுந்துவிடப் போகிறதென்று நீதான் கட்டினாயா? முதல் நாளேவா? அப்படியானால் அந்த மூன்று நாளும் நாற்காலியில் கண்மூடியிருந்தது தூக்கமா, நடிப்பா? வேலை போகும் என்று தெரிந்தேவா, அம்மா? மாடியில் யாரோ இழுத்தார்கள், ஐந்தாம் மணி சத்தமில்லாமல் ஆடியது. என்ன அத்தை, என்ன தெரியுது, என்று மருமகள் தோளைத் தொட்டாள். எங்கம்மாவுக்குத் தெரியும்டி, என்றாள் அவள், கண் இன்னும் அந்த முடிச்சிலேயே இருந்தது, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரு.