ஒட்டி நகர்ந்த இரண்டு புள்ளிகள்

முகுக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதிரே திரையில் செப்பு உருக்காலையின் வரைபடம் விரிந்திருந்தது. அதில் தொழிலாளர்கள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்தார்கள். இருப்பிடம் காட்டும் கருவி ஆளுக்கொன்று, தீப்பெட்டி அளவில், இடுப்பு வாரில் தொங்கியது. யார் எங்கே நிற்கிறார், யார் கழிவறையில் பொழுதைக் கடத்துகிறார் என்று பார்த்து மேலே சொல்வதுதான் அவள் வேலை. கீழே இருந்தவர்கள் அவளுக்கு ‘வல்லூறு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சிசெங்காவும் கபாம்புவேயும் வாயு வடிகட்டும் பிரிவு ஆட்கள். சில வாரங்களாகச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு அவர்களுடைய புள்ளிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டே நகர்ந்தன. ஏணி ஏறினாலும் தண்ணீர் குடிக்கப் போனாலும் சேர்ந்தேதான். ஒருநாள் உணவுக்கூடத்தில் ன்ஷிமா என்ற சோளமாவுக் களியை உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் தொட்டுக்கொண்டிருந்த சிசெங்காவிடம் போய் நின்றாள்.

“என்னப்பா, கபாம்புவேயை இடுப்புல முடிஞ்சுக்கிட்டுத் திரியிற போல?”

சிசெங்காவின் கை நின்றது. “வல்லூறு கண்ணுக்கு எதுவும் தப்பாதே! அவனுக்கு முதுகு போச்சு அக்கா. டாக்டர்கிட்ட போனா லாயக்கில்லைன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிருவாங்க. மத்தியானம் கொஞ்சம் படுத்து எந்திரிக்கிறான். அவன் வேலையையும் நானே பாக்குறேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

“எங்க படுக்கிறான்?”

“அது உங்களுக்குத் தெரியாம இருக்குறதே நல்லது.”

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த இரண்டு புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்படி ஒரு நாள் பிற்பகல் வாயுக்குழாய் ஒன்று வெடித்தது. அபாயச் சங்கு அலறியது. புள்ளிகள் எல்லாம் வாசலை நோக்கி ஓடி, வெளியே மைதானத்தில் குவிந்தன. உள்ளே ஒன்றுகூட இல்லை.

“எல்லாரும் வெளிய வந்தாச்சு. வாயு பரவாம கதவையெல்லாம் அடைக்கச் சொல்லு” என்றார் மேலாளர் சின்கலா, நெற்றியைத் துடைத்தபடி.

முகுக்கா வாயைத் திறப்பதற்குள் வாசல் காவலரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. “சார், சிசெங்கான்னு ஒருத்தன் உள்ள போயே தீருவேன்னு மல்லுக்கட்டுறான். கபாம்புவே உள்ள இருக்கானாம்.”

சின்கலா திரையைப் பார்த்தார். “பயத்துல உளர்றான். கபாம்புவே அவன் பக்கத்துலதான் நிக்கிறான், பாரு. பிடிச்சு வைங்க.”

“உளறல சார்” என்றாள் முகுக்கா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “அந்த ரெண்டு கருவியும் ஒரே ஆள்கிட்டதான் இருக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ரொம்ப நாளாவே தெரியும்.”

சின்கலா அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் முந்தைய நாள்களின் பதிவைத் திருப்பினாள். தினமும் ஒரே இடத்தில்தான் இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொண்டன: பழைய சாக்குக் கிடங்கின் வாசல். “வாயு முகமூடி போட்ட மீட்பு ஆளுங்கள அங்க அனுப்புங்க! கிடங்குக்கு! ஓடுங்க!” என்று கத்தினாள்.

சாக்கு மூட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்த கபாம்புவேயைத் தூக்கிவந்தபோது மூச்சு இருந்தது.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் கண் விழித்துப் பேசத் தொடங்கியவன் முதலில் கேட்டதே, “வேலை?” என்றுதான்.

“உனக்குப் போச்சு, எனக்கும் போச்சு” என்றான் சிசெங்கா. “அக்காவுக்கும் போச்சு. இனிமே இவங்களப் பாத்து யாரும் பயப்பட வேணாம்.”

கபாம்புவே சிரிக்கப் போய் இருமினான். இருமல் நிற்கவே இல்லை. நுரையீரல் பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முகுக்கா எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தாள். முதல் நாளே சொல்லியிருந்தால் அவனுக்கு வேலை மட்டும்தான் போயிருக்கும். கபாம்புவேயின் மனைவி பின்னாலேயே வந்து, அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு, “என் புருஷன உயிரோட குடுத்தீங்க அக்கா” என்று அழுதாள். கைகளை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், அப்படியே விட்டுவிடவும் முடியாமல் முகுக்கா நின்றாள்.