இடது கன்னத்தில் ஓர் அம்மைத் தழும்பு

ஜெயப்பிரியா கன்சீலர் பூசி மறைக்கும் நாளெல்லாம், அவள் இடது கன்னத்து அம்மைத் தழும்பு மாமியார் சோலையம்மாளின் இடது கன்னத்துக்குப் போய்விடும். மாலையில் மருமகள் முகம் கழுவினால் திரும்பி வந்துவிடும். வடகவுஞ்சியில் இப்போது யாரும் இதை வேலை மெனக்கெட்டு நின்று பார்ப்பதில்லை.

முதலில் இது நடந்தது நாயுடுபுரத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று. சோலையம்மாள் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. மகன் சக்திவேலுக்குப் பார்த்த பதினோரு பெண் வீட்டிலும், எதையோ மறைக்கிறார்கள் என்று எழுந்து வந்தவள். பன்னிரண்டாவது பெண் பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறாள் என்றதும் சந்தேகம் இரட்டிப்பானது. பள்ளிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அங்க அடையாளத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். இடது கன்னத்தில் ஓர் அம்மைத் தழும்பு என்று இருந்தது. பெண்ணின் கன்னமோ மழமழவென்று இருந்தது.

"தழும்பு எங்கங்க? தங்கச்சியக் காட்டிட்டு அக்காளக் கட்டி வைக்கிற சோலியா?"

எல்லோரும் சோலையம்மாள் முகத்தையே பார்த்தார்கள். சக்திவேலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏம்மா, அது ஒங்கிட்டதான் இருக்கு" என்றான். அந்த ஆவணியிலேயே கல்யாணம் முடிந்தது.

சந்தேகம் முடியவில்லை. தழும்பை மறைக்கிறவள் இன்னும் எதையெல்லாம் மறைப்பாளோ என்று, மருமகள் முகத்துக்குப் பூசி முடித்ததும் சோலையம்மாள் போய்த் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்ப்பாள். பரு வந்தது, மங்கு வந்தது. இரண்டாம் வருஷம் கண்ணுக்கடியில் கருவளையம் வந்தது. தூக்கம் கெட்டு எவனோடு பேசுகிறாள் என்று ஒரு மாதம் மருமகளின் போனை உளவு பார்த்தாள். கையும் களவுமாகப் பிடித்து நாயுடுபுரத்துக்கே அனுப்பிவிடும் எண்ணம். ஒன்றும் அகப்படவில்லை.

மூன்றாம் வருஷம் மார்கழியில் ஒரு காலை, கண்ணாடியில் தன் இடது கன்னத்தில் நான்கு விரல்கள் கன்றிப் பதிந்திருப்பதைப் பார்த்தாள். மூன்று முழு விரல், சுண்டுவிரல் பாதி. ஆறு வயதில் அரிவாளில் விரலை வெட்டிக்கொண்ட மகனைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள்தான். யாருடைய கை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை நாளும் ஆள் மாற்றி வேவு பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது.

அடுப்படியில் ஜெயப்பிரியா அத்தையின் கன்னத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். "கழுவிரட்டுமா அத்தை?"

"கழுவாத தாயி. எங்கிட்டயே கெடக்கட்டும்."

சேலைத் தலைப்பால் மூடாமல் கடைவீதிக்கு நடந்தாள். டீக்கடை சேனாதிபதி, "என்னக்கா இது, யாரு கை?" என்று பதறினான். "எம் மவன் கை" என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பூண்டுக் காட்டிலும் அதையே சொன்னாள், பஸ் ஸ்டாப்பிலும் அதையே சொன்னாள். மத்தியானத்துக்குள் ஊரில் ஒருவர்கூட சக்திவேலிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் வீட்டுக்கு வந்து, "நான் ஒன்னய அடிக்கலையேம்மா" என்று அழுதான்.

"கைய வச்சுப் பாருலே. அளவு சரியா இருக்கும்."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். தடம் மங்க ஒன்பது நாள் ஆனது. அதுவரை ஜெயப்பிரியாவின் முகத்தில் சொட்டுத் தண்ணீர் பட மாமியார் விடவில்லை.

சோலையம்மாள் இன்றும் தினமும் கண்ணாடி பார்க்கிறாள். சந்தேகம் போகவில்லை, ஆள்தான் மாறிவிட்டது. தழும்பு மட்டும் இருந்தால், பேசாமல் காட்டு வேலைக்குப் போய்விடுவாள்.