பத்து இல்லை

"ஒண்ணு இல்லை, ரெண்டு இல்லை, மூணு இல்லை..." என்று விரலை நீட்டியபடி பின்ஹாஸ் பெரியப்பா வந்துகொண்டிருந்தார். யுஷ்வோ ஜெபக்கூடத்தின் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தான். மனுஷர்களை எண்ணினால் ஆகாது, கண் பட்டுவிடும். பத்து ஆண்கள் சேராமல் பிரார்த்தனையும் நடக்காது. அதனால் இல்லை இல்லை என்றே எண்ணுவது பெரியப்பா வீட்டுப் பழக்கம். விரல் யுஷ்வோவுக்கு நேராக வந்து நின்றது. "பத்து இல்லை! ஆரம்பிங்கப்பா." எல்லோரும் சிரித்தார்கள். ஏழு வருஷமாகக் காலையும் மாலையும் அதே சிரிப்புதான்.

புகாரா நகரத்தின் யூதத் தெருவில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போக, மிஞ்சிய ஆண்கள் சரியாகப் பத்துப் பேர். யுஷ்வோவுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டருக்கு முன்னால் பெரியப்பா வந்து நிற்பார். "அங்க வந்து படுத்துக்கடா, யார் வேணாம்னா?" தன் சலூனில் பாதி முகம் சவரம் செய்த ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு அவன் ஓடிவந்த நாட்கள் உண்டு. கூடப்பிறந்த தங்கை கல்யாணத்துக்குச் சமர்கந்த் போய் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்பினான். சே, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட முடியாது. சாமி காரியம் அல்லவா.

இப்போது குடும்பத்தோடு குடியேற விசா வந்துவிட்டது. நியூயார்க்கின் க்வீன்ஸிலிருந்து மனைவி ஸுலாயின் அண்ணன் ஆறு வருஷம் அலைந்து வாங்கிக் கொடுத்தது, ஜூனில் காலாவதி. முன்னோர்கள் எகிப்திலிருந்து விடுதலையானதைக் கொண்டாடும் பெசாஹ் பண்டிகை முடிந்த மறுநாள் விமானம். வெளியில் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட வேண்டும் என்று தினமும் கிளம்பி வருவான், போருஹைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டுத் திரும்பிவிடுவான். சின்ன வயசிலிருந்தே கூட்டாளி. அவன் அம்மா தவறி இரண்டு மாதம்தான் ஆகிறது. மகன் பதினோரு மாதம் தினமும் கதீஷ், அதாவது இறந்தவர்களுக்கான ஜெபம், சொல்ல வேண்டும். அதற்கும் பத்துப் பேர் வேண்டும்.

"நீங்க சொல்றீங்களா, இல்ல நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று அன்று மத்தியானமும் ஸுலாய் கேட்டாள்.

"சொல்றேன், சொல்றேன். விடேன் கொஞ்சம்."

"இதையேதான் ஒரு மாசமா சொல்றீங்க."

அன்று மாலை பிரார்த்தனைக்கு முன்னால், பண்டிகை விருந்துக்கான பிள்ளைகளின் ஒத்திகை ஜெபக்கூட முற்றத்தில் நடந்தது. ஞாயிறு வகுப்பில் மொத்தமே நாலு பிள்ளைகள். விருந்தில் ஒரு பிள்ளை புளிப்பில்லா ரொட்டியைத் துணியில் முடிந்து தோளில் போட்டு, எகிப்தை விட்டுப் புறப்பட்டவர்களைப் போல நடந்து வர வேண்டும். பெரியவர்கள் கேள்வி கேட்பார்கள்; எங்கே போகிறாய் என்றால் யெருசலேமுக்கு என்று சொல்ல வேண்டும். இந்த வருஷம் அது யுஷ்வோவின் மகள் யாஃபா. ரொட்டி இன்னும் வந்து சேராததால் மூட்டைக்குள் நோட்டுப் புத்தகம். ஆண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எங்கேருந்து வர்றே?" என்று டீச்சர் மஸோல் கேட்டாள்.

"எகிப்துலேருந்து!"

"எங்கே போறே?"

"க்வீன்ஸுக்கு. மாமா வீட்டுக்கு" என்றாள் யாஃபா, கணீரென்று.

தாஷ்கண்ட் தூதரகத்தில் அதிகாரி கேட்டால் பயப்படாமல் சொல்ல வேண்டும் என்று இதே கேள்விக்கு இதே பதிலை அவளை ஒரு வாரம் உருப்போட வைத்தது யுஷ்வோதான். சரியாகச் சொன்னதற்கு ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்திருந்தான்.

"அடி சக்கை! யெருசலேமுக்கு அந்த வழியாவா போறே?" என்று பின்ஹாஸ் பெரியப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

தன் பேச்சை நம்பவில்லை என்று குழந்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "நிஜமாத்தான் தாத்தா! பண்டிகை முடிஞ்ச மறுநாள். அப்பா, அம்மா, நான். டிக்கெட்கூட வந்தாச்சு."

சிரிப்பு நின்றது. யுஷ்வோ மகளை முறைத்தான். அவள் மூட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குழந்தைய ஏன்டா முறைக்கிறே?" என்றான் போருஹ். "கேட்டதுக்கு அது ஒழுங்காத்தானே பதில் சொல்லுச்சு."

"ஜூனோட விசா முடியுதுடா..."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

அவ்வளவுதான். சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால், நாலு வார்த்தை கெட்டதாகத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது யுஷ்வோவுக்கு. பதிலுக்கு ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்த எரிச்சலையும் கொட்டியிருப்பான். போருஹோ அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தில் கதீஷ் பக்கத்தைத் தேடினான். மற்றவர்களும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்கள். யாரோ ஒருவர், யுஷ்வோ எப்போதும் உட்காரும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கூட விட்டார். வேறு வழியில்லாமல் அதிலேயே போய் உட்கார்ந்தான்.

பெரியப்பா எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு இல்லை, ரெண்டு இல்லை..." குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. போருஹ் ஏழு. பெரியப்பா தன் மார்பைத் தொட்டுக்கொண்டார், எட்டு. "ஒம்பது இல்லை" என்றதும் விரல் யுஷ்வோவுக்கு நேராக வந்து நின்றது.

"பத்து..." என்றார் பெரியப்பா. இல்லை என்று முடிக்க அவருக்கு வாய் வரவில்லை. விரலும் இறங்கவில்லை. போருஹ் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. வாசல்படியில் யாஃபா தோளில் மூட்டையோடு அப்படியே நின்றாள், அதை இறக்கி வைக்கலாம் என்று யாராவது சொல்வதற்காக அப்பாவையே பார்த்துக்கொண்டு.