இரண்டாம் சுற்று விண்ணப்பம்

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நவம்பரில் விண்ணப்பிக்கலாம், விட்டால் ஜனவரியில். நவம்பரில் அனுப்பியவர்களுக்கு டிசம்பர் பத்தாம் தேதியே முடிவு தெரிந்துவிடும். நூறு பேர் கேட்டால் நான்கு பேருக்கு இடம். கிடைத்துவிட்டால் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். ஒருமுறை நிராகரித்துவிட்டால் ஜென்மத்துக்கும் மறுபடி கேட்க முடியாது.

பெரியவள் இதைச் சொன்னபோது அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர்.

"நவம்பர்லயே போட்டுடும்மா."

"இயற்பியல்ல மார்க் கம்மிப்பா. டிசம்பர்ல இன்னொரு பரீட்சை இருக்கு. அதையும் சேர்த்து ஜனவரியில போடறேன்."

"ஆறின கஞ்சி பழங்கஞ்சிம்மா."

"ஏன் இப்படிக் கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டு நிக்கறீங்க? அவ படிப்பு அவளுக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"அக்காவ எப்படா தொரத்தலாம்னு இருக்கு அப்பாவுக்கு," என்றாள் சின்னவள். அப்பாவும் சிரித்துவிட்டார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

டிசம்பர்ப் பரீட்சையை அவள் நன்றாகவே எழுதினாள். அதே மாதம் பதினெட்டாம் தேதி காலை, நல்ல வெளிச்சத்தில், சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மீது அப்பாவின் பேருந்து ஏறியது. மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவள். அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

பிறகுதான் அப்பாவின் கண்ணைச் சோதித்தார்கள். வலக்கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. முந்தைய சோதனையில் பலகை எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறார்.

சிறையில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று பெரியவள் கேட்டாள்.

"எப்பலேர்ந்துப்பா?"

"ஒரு வருஷமா."

"ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உன் படிப்பு என்ன ஆகறது? எடம் கெடச்ச மறுநாளே வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம்னு இருந்தேன். டிசம்பர் பத்துன்னு நீ சொன்னியே, அதத்தான்…"

சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"உன்னச் சொல்லலம்மா. கண்ணு என்னோடது, தப்பும் என்னோடது."

பதினெட்டில் பத்து போனால் எட்டு. வீடு வரும்வரை அவள் மனதில் வேறெதுவும் ஓடவில்லை.

ஜனவரியில் விண்ணப்பத்தைத் திறக்கவே மாட்டேன் என்றாள். துவைக்கப் போட்ட அப்பாவின் காக்கிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்: "நீ போகலன்னா மட்டும் அந்தம்மா எழுந்து வந்துடுவாளா?"

கடைசி நாள் மதியம் அனுப்பினாள். ஏப்ரலில் இடம் கிடைத்தது. அதே மாதம் அப்பாவுக்கு நான்கு வருடத் தண்டனை ஆனது.

பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், யாரிடமும் சொல்லாமல், இறந்தவளின் வீட்டைத் தேடிப்போனாள். மாடிப்படி ஏறி மூன்றாம் தளம். கதவைத் திறந்தவர் சவரம் செய்யாத முகத்தோடு இருந்தார். கையில் சோப்பு நுரை. உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும்மா வேணும்?"

வழியெல்லாம் அவள் வேறு வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"வீடு மாறி வந்துட்டேன்."

"பரவால்லம்மா," என்று அவர் கதவைச் சாத்தினார். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.