அய்யாதுரைக்கு ஒரு ஸ்பூன் பால்

காலையிலிருந்து நின்று நின்று என் கணுக்கால் வீங்கிவிட்டது. தியாகராய நகரில் ஜவுளிக்கடை அய்யாதுரை வீட்டில் எனக்கு நர்ஸ் வேலை. பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவருக்கு மூக்கு வழியாக ரப்பர் குழாய். பாலும் கஞ்சித் தண்ணீரும் அதில்தான் இறங்கும். பேச்சு குழறுகிறது என்ற வெட்கத்தில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

"இன்னிக்கு ஒரு ஸ்பூன் பால் குடுத்துப் பாருங்க. இருமினா உடனே நிறுத்திடுங்க. முழுங்கினாத்தான் குழாயை எடுக்கலாம், காலுக்குப் பயிற்சி ஆரம்பிக்கலாம். இல்லேன்னா படுக்கையோட போயிடுவார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் ரகுபதி காரில் ஏறிவிட்டார். சொல்லிவிட்டுப் போகிறவருக்கு என்ன கஷ்டம்?

சமையலறைப் பக்கம் போய், "அய்யா வாயில ஊத்தணும், ஒரு ஸ்பூன் பால் குடுங்க" என்று கேட்டேன். அவ்வளவுதான். பால் வருவதற்குள் அறை நிறைந்துவிட்டது. அவர் தம்பி பொன்ராஜ் கழுத்தில் அளவு டேப்போடு கடையிலிருந்து ஓடி வந்தார். பின்னாலேயே மருமகள்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. கட்டிலோரம் வரிசையாக நின்றார்கள்.

"மொதல்ல யாரு ஊத்தணும், நர்ஸம்மா?" என்று பொன்ராஜ் தழுதழுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயிர் பிரியும் நேரத்தில் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வாய் ஊற்றுவார்களே, அந்தப் பால் என்று நினைத்துவிட்டார்கள்.

"இன்னா இது! அவுரு நல்லாத்தான் கீறாரு. முழுங்குறாரான்னு பாக்கத்தான் பால்!" என்று கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை. அய்யாதுரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். நான் ஸ்பூனை நீட்டியதும் நல்ல கையால் தட்டிவிட்டார். பால் படுக்கையெல்லாம் கொட்டியது. எனக்கு டாக்டர் மேல் கோபம், இவர்கள் மேல் கோபம், என் கால் மேலும் கோபம். அவர் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய் அழுகைதான் வந்தது.

தலைமாட்டில் நின்ற அவர் மனைவி இசக்கியம்மாள் மட்டும் அழவில்லை. "எல்லாரும் வெளிய போங்க" என்றாள். உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பியோடு வந்தாள். முதல் ஸ்பூனைத் தானே குடித்தாள்.

"சாகப் போறவுகளுக்கு எவளாவது காப்பி ஊத்துவாளா? வாயத் தொறங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய் மெல்லத் திறந்தது. நான் அவரை நிமிர்த்தி உட்காரவைத்துத் தொண்டையில் விரல் வைத்தேன். தொண்டை மேலே ஏறி இறங்கியது. காத்திருந்தோம். இருமல் வரவில்லை.

"ஒரு வார்த்தை பேசுங்க அய்யா" என்றேன். காப்பி தவறி மூச்சுக்குழாயில் போயிருந்தால் குரலில் தண்ணீர் களகளக்கும்.

முகத்தைச் சுளித்தார். "கருப்பட்டியா?" என்றார். குழறலாகத்தான் இருந்தது, ஆனால் களகளப்பு இல்லை.

சீனி ரேஷனில் வந்த காலம் அது. வீடு முழுக்கக் கருப்பட்டிக் காப்பிதான். இசக்கியம்மாள் போய் ஒரு டப்பாவைக் கொண்டு வந்து அவர் மடியில் திறந்து வைத்தாள். விளிம்பு வரை சீனி.

"நீங்க விழுந்ததிலேருந்து உங்க பங்க நான் தொடவே இல்ல" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.