இரண்டு பஞ்சு

அன்று குளியலறைப் பக்கம் இருந்தவர்கள் மூன்று பேரும் ஒரு நாயும். கிடங்கு எழுத்தர் உள்ளே, கவிழ்த்த வாளியின் மேல். அவர் மனைவி வாசற்படியில், மடியில் துண்டோடு. மனைவியின் தம்பி நடைவழியில் முக்காலி போட்டு, உதவி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் செய்துகொண்டு. நாய் நடுவில், கால் வழுக்காமலிருக்க விரித்த பழைய சாக்கின் மேல். யார் வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தவள் மகள். அவள் பயிற்சி முகாமுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. அங்கே போன் கூடாது, கடிதம்தான்.

எழுத்தர் முழங்கையை நனைத்துத் தண்ணீரின் சூடு பார்த்தார். கழுத்திலிருந்து வால்வரை மெல்ல ஊற்றினார். முகத்துக்கு ஈரத் துணி மட்டும்.

"பஞ்சு?" என்றாள் மனைவி.

"ரெண்டு வச்சேன். நீயும் பாத்தியே."

"பாத்தேன். எடுக்கும்போதும் பாப்பேன்."

"மாமாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வச்சுக்கக்கா" என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் இதே இடத்தில், காதுக்குள் தண்ணீர் போகாதிருக்க இரண்டு காதிலும் பஞ்சு வைத்தார் எழுத்தர். ஒன்றைத்தான் எடுத்தார். முந்நூறு பெட்டியில் ஒன்று குறைந்தாலும் கிடங்கு வாசலிலேயே கண்டுபிடித்துவிடுகிற மனிதர். நாய் தலையைச் சாய்த்துச் சாய்த்து உதறியபோது, மகளை நினைத்து ஏங்குகிறது என்றார். நாற்றம் வந்த பிறகுதான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். டாக்டர் இடுக்கியால் கறுத்த பஞ்சு உருண்டையை எடுத்துத் தட்டில் போட்டார். புண் ஆறிவிட்டது. இடது காது மட்டும் இனிக் கேட்காது.

அதற்குப்பின் மகளுக்கு மூன்று கடிதம் போட்டார். மூன்றிலும் 'மேனேஜர் நலம்' என்றே எழுதினார். நேற்று அவளிடமிருந்து பதில் வந்திருந்தது. அடுத்த மாதம் வருகிறாளாம். தெருமுனையில் நின்று விசில் அடிப்பாளாம். அது பாய்ந்து வருவதைப் பார்க்க வேண்டுமாம்.

தம்பி சும்மாயிராமல் அவளைப் போலவே விசில் அடித்தான். மேனேஜரின் வால் ஆடியது. நடைவழி இடப்பக்கம் இருக்க, அது வலப்பக்கச் சுவரைப் பார்த்துத் துள்ளியது. அங்கே ஆளைக் காணாமல் நின்றது.

எழுத்தரின் கை சொம்போடு நின்றுவிட்டது.

"ஏதோ கிருமின்னு எழுதிடுங்க மாமா" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. "கிருமி வந்து இல்லைன்னா சொல்லப்போகுது?"

"அவ விசிலடிக்கட்டும், இது சுவத்தப் பாத்து ஓடட்டும்" என்றாள் மனைவி. "அப்பவும் கிருமியா?"

எழுத்தர் நாயின் காதுப் பக்கம் குனிந்தார். பஞ்சை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "ஒண்ணு." மற்றதையும் வைத்தார். "ரெண்டு."

நாயைத் துவட்டிவிட்டு, ஈரச் சட்டையோடே மேசையில் உட்கார்ந்தார்.

'மேனேஜருக்கு இடது காது கேட்காது. பஞ்சு வைத்தவன் நான். எடுக்க மறந்தவனும் நான். மூன்று கடிதத்தில் உன்னிடம் மறைத்தேன். வரும்போது தூரத்திலிருந்து விசில் அடிக்காதே, அம்மா. அதன் கண்ணுக்கு எதிரே வந்து நின்று கூப்பிடு.'

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "மறைச்சதுல எனக்கும் பங்குன்னு சேத்துக்குங்க."

சேர்த்தார். உறையை ஒட்டி, ஓரத்தை நகத்தால் இருமுறை அழுத்தினார்.

"குடுங்க மாமா, நான் போட்டுட்டு வரேன்."

"நானே போறேன்."

தெருமுனைத் தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டார். பிறகு அதன் வாய்க்குள் விரல்களை விட்டு, எதுவும் சிக்கி நிற்கவில்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.